பின்னால் யாரும் இல்லை

பின்னங்காலில் யாரோ உதைத்தார்கள் என்றுதான் நினைத்தேன். முழங்காலுக்கும் குதிகாலுக்கும் நடுவில், கெண்டைக்கால் சதை திரண்டு நிற்கும் இடத்தில். 'டக்' என்று ஒரு சத்தமும் கேட்டது. ஈர மணலில் குப்புற விழுந்து, வலியோடு தலையைத் திருப்பிப் பார்த்தேன். எனக்குப் பின்னால் நின்றவர் என் சகலன்.

நோன்புப் பெருநாளுக்கு அடுத்த நாள், பின்னேரம் அஸர் தொழுகை முடிந்ததும், எங்கள் தெருவில் நாற்பது வயதைத் தாண்டிய ஆண்கள் கடற்கரையில் உதைபந்தாடுவார்கள். ஆளுக்கொரு சறத்தை மடித்துக் கட்டிக்கொண்டும், மகனின் காற்சட்டையைப் போட்டுக்கொண்டும் வருவார்கள். இரண்டு தலைவர்கள் நின்று மாறி மாறி ஆள் எடுப்பார்கள். ஒரு தலைவர் எப்போதும் என் சகலன்தான். என் மனைவியின் மூத்த சகோதரியான ராத்தாவைக் கட்டியவர், என்னைவிட ஆறு வயது மூத்தவர். நான் அவரைக் காக்கா என்பேன், அவர் என்னைத் தம்பி என்பார். ஒலுவில் துறைமுகத்தில் மீன் எடுத்து விற்கிறவர். ஏலத்தில் கூவிக் கூவி அவருடைய தொண்டை பள்ளிவாசல் ஒலிபெருக்கியைப் போல ஆகிவிட்டது. நான் சம்மாந்துறையில் ஒரு நெல் ஆலையில் வேலை செய்கிறேன். அங்கே இயந்திரச் சத்தத்தில் யாரும் யாரோடும் கதைக்க முடியாது. அந்த வேலையில் எனக்குப் பிடித்ததே அதுதான்.

அன்றைக்கும் அவர் ஒவ்வொருவராக எடுத்தார். கடைசியில் இரண்டு பேர் மிஞ்சினோம். நானும், சர்க்கரை வருத்தத்துக்கு மருந்து குடிக்கும் ஒருவரும். காக்கா அந்த நோயாளியை எடுத்தார். நான் எதிர்ப் பக்கத்துக்குப் போனேன். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். முதல் பாதியில் ஒரு நெரிசலில் வலது கணுக்காலில் ஓர் உதை பட்டது. யார் என்று பார்க்கவில்லை. பொதுவாக நான் அப்படிப் பார்க்கிறவன் இல்லை.

இரண்டாவது பாதியில் பந்து என் பக்கம் வந்தது. ஓடுவதற்காக இடது காலை ஊன்றினேன். அப்போதுதான் அந்த அடி.

வாழ்க்கையில் நான் ஆட்களுக்கு முன்னால் சத்தம் போட்டது அந்த ஒரு முறைதான்.

"காக்கா, என்னத்துக்கு அடிச்ச நீங்க?"

"நான் அடிக்கல்ல தம்பி. உனக்குக் கிட்ட கூட வரல்ல."

"அடிச்ச நீங்க! வேணுமெண்டு அடிச்ச!"

"டேய், உனக்கென்ன பைத்தியமா?"

அந்த 'டேய்' என்னை எங்கேயோ கொண்டுபோனது. ஆள் எடுக்கும்போது சிரித்த சிரிப்பெல்லாம் ஒன்றாகக் கேட்டது. நான் சொன்னேன்: "வல்லாஹி, இவர்தான் அடிச்ச."

அல்லாஹ்வின் மேல் ஆணையிடும் அந்தச் சொல்லை எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைகள் மாபிள் குண்டு அடிக்கும்போதும் சொல்வார்கள். ஆனால் வளர்ந்த மனிதன் பத்துப் பேருக்கு முன்னால் இன்னொரு மனிதனைக் காட்டிச் சொன்னால் அது வேறு. அன்றைக்கு அங்கே நாற்பது பேராவது நின்றார்கள். தோணியில் சாய்ந்து சிரித்துக்கொண்டிருந்தவர்கள் சிரிப்பை நிறுத்தினார்கள்.

காக்காவின் முகம் ஒரு மாதிரிப் போயிற்று. "வல்லாஹி," என்றார் அவரும், "இண்டைக்கு இந்த மனிசன்ட கால்ல என்ட கால் படவேயில்ல."

இரண்டு சத்தியம். இரண்டில் ஒன்று பொய்யாக இருக்க வேண்டும். என்னைத் தூக்கி முச்சக்கர வண்டியில் ஏற்றினார்கள்.

ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர். நான் வாய் திறக்கும் முன்பே, காலை அமத்திப் பார்த்துக்கொண்டு கேட்டார்: "பின்னால யாரோ அடிச்ச மாதிரி இருந்திச்சா?"

"ஓம்."

"திரும்பி ஆளத் தேடினீங்களா?"

தலையாட்டினேன்.

"எல்லாரும் தேடுவாங்க. அடிச்சது ஒருத்தரும் இல்ல ஐயா, உங்கட சதைதான். கிழிஞ்சிருக்கு. நாப்பது வயசுக்குப் பிறகு திடீரெண்டு ஓடினா இப்பிடித்தான்." பிறகு, ஐஸ் வைக்க வேண்டும், காலை உயர்த்தி வைக்க வேண்டும், எண்ணெய் போட்டுத் தேய்க்கவே கூடாது, ஆறு கிழமை என்றெல்லாம் சொன்னார். என் காதில் விழுந்தது முதலில் சொன்னது மட்டும்தான். அடித்தது ஒருவரும் இல்லை.

பாதத்தில் இருந்து முழங்கால்வரை பின்பக்கம் மாக்கட்டு வைத்துத் துணி சுற்றி, இரண்டு ஊன்றுகோல்களோடு வீட்டுக்கு அனுப்பினார்கள்.

வீடு என்று சொன்னாலும், எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். கல்யாணம் முடித்தால் ஆண்தான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பான். என் மாமனார் ஒரே வளவில் இரண்டு பெண்பிள்ளைகளுக்கும் இரண்டு வீடு கட்டிக்கொடுத்தார். நடுவில் ஒரு மதில், மதிலில் ஒரு சின்னக் கதவு. அந்தப் பக்கம் காக்காவும் ராத்தாவும், இந்தப் பக்கம் நாங்கள். இருபத்திரண்டு வருடமாக நான் விடிய எழும்பிப் போய் இருட்டும்போது வருகிறவன். பகலில் அந்த வீடு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாமலே இருந்தது.

பகலில் அது முழுக்கப் பெண்களின் இடம். என் மனைவி முன் ஹோலில் தையல் மெஷின் வைத்துத் தைக்கிறாள். காலை ஒன்பது மணியில் இருந்து துணியும் அளவுச் சட்டையுமாகப் பெண்கள் வருவார்கள். முதல் நாள் வந்தவர்கள் வாசலில் என்னைக் கண்டதும் முக்காட்டை இழுத்துக்கொண்டு திரும்பிப் போனார்கள். இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் மனைவி கட்டிலை ஹோலின் மூலைக்கு இழுத்து, குறுக்கே கயிறு கட்டி, பூப்போட்ட பழைய திரைச்சீலை ஒன்றைத் தொங்கவிட்டாள்.

"அறைக்குள்ள போடன்," என்றேன்.

"அறைக்குள்ள ஃபேன் இல்ல. வெந்துபோவீங்க. சத்தம் போடாம இருங்க, அது உங்களுக்கு லேசுதானே."

அப்படித்தான் நான் திரைக்குப் பின்னால் போனேன். எட்டடிக்கு ஆறடி இடம். ஒரு பக்கம் சுவர், ஒரு பக்கம் கம்பி வைத்த யன்னல், யன்னலுக்கு வெளியே மதிலும் அந்தச் சின்னக் கதவும். மற்ற இரண்டு பக்கமும் பூப்போட்ட துணி. பெண்கள் இருக்கும்போது இருமக் கூடாது. சிறுநீர் முட்டினாலும் பொறுக்க வேண்டும், ஏனென்றால் கழிவறைக்குப் போக ஹோலைக் கடக்க வேண்டும். ஆலையில் இயந்திரம் ஓடும்போது நான் சும்மா இருந்தது வேறு. அது நானாக இருந்தது. இங்கே என்னை வைத்துப் பூட்டியது போல இருந்தது. பள்ளியில் பாங்கு சொல்வது கேட்கும், ஆட்கள் செருப்புச் சத்தத்தோடு போவது கேட்கும். நான் கட்டிலில் இருந்தபடி தொழுவேன். உள்ளே மனது மட்டும் கடற்கரைக்கும் மதில் கதவுக்கும் ஓடிக்கொண்டிருந்தது.

காக்கா வரவில்லை. முன்பெல்லாம் அவர் அந்தக் கதவால் ஒரு நாளைக்கு நாலு தரம் வருவார். மீன் கொண்டு வருவார், தீப்பெட்டி கேட்டு வருவார், ஒன்றும் இல்லாமலும் வருவார். இப்போது கதவால் வந்தது ஐஸ் மட்டும்தான். காலையிலும் பின்னேரமும் ராத்தா ஒரு பையில் உடைத்த ஐஸைக் கொண்டு வந்து என் மனைவியிடம் கொடுப்பாள். மீன் பெட்டி ஐஸ். எவ்வளவு கழுவினாலும் மீன் வாடை போகாது. என் கால் பாரைக்குட்டியைப் போல நாறியது. நல்ல மனசுள்ள ராத்தா என்று நினைத்துக்கொண்டேன்.

ஆறாம் நாளோ ஏழாம் நாளோ, அபாயா அங்கியைச் சுருக்க வந்த ஒரு பெண் தணிந்த குரலில் கேட்டாள். குரல் மட்டும்தான் எனக்குத் தெரியும், ஆள் யாரென்று தெரியாது.

"புள்ள, உங்கட மனிசனும் மச்சானும் பீச்சில சத்தியம் பண்ணின கதை மெய்யா?"

மெஷின் ஓடியது. என் மனைவி, "விளையாட்டில நடந்ததுகா," என்றாள்.

"விளையாட்டா? எங்கட ஊட்டு மனிசன் சொல்றாரு, உங்கட மனிசன் வாயத் தொறக்காத ஆளாம், அப்பிடிப்பட்ட ஆள் வல்லாஹி எண்டு சொன்னா மெய்யாத்தான் இரிக்குமாம். அந்த மீன்கார மனிசன்தான் பொய்ச் சத்தியம் பண்ணி இரிக்காராம்."

நான் தலையணையைக் கடித்துக்கொண்டேன்.

"அதுவும் உம்றாவுக்குப் போக இரிக்கிற ஆள். இந்த மாசக் கடைசியாமே பயணம்? பொய்ச் சத்தியத்தையும் சுமந்துக்கிட்டு மக்காவுக்குப் போய் என்னகா செய்ற?"

என் சுபாவமே எனக்குச் சாட்சியாக நின்றுவிட்டது. வாய் திறக்காதவன் சொன்னால் உண்மையாகத்தான் இருக்கும் என்று ஊர் நம்பிவிட்டது. அந்தப் பெண் போன பிறகு மனைவி திரையை விலக்கி என்னைப் பார்த்தாள். டாக்டர் சொன்னது அவளுக்குத் தெரியும். நான் சொல்லியிருந்தேன்.

"கேட்டீங்களா?"

"நீ சொல்லி இருக்கலாமே, அவர் அடிக்கல்ல எண்டு."

"சத்தியம் பண்ணின வாய் என்ட இல்ல," என்று திரையை விட்டுவிட்டாள்.

அன்று பின்னேரம் பள்ளி மௌலவிக்குத் தொலைபேசி எடுத்தேன். எண்ணை அழுத்துவதற்கே ஒரு மணித்தியாலம் ஆனது. சத்தியம் பிழையாகப் போனால் மூன்று நோன்பு பிடிக்கலாம் என்று கேள்விப்பட்டிருந்தேன். அது எனக்குத் தோதான பரிகாரம். படுத்துக்கொண்டே பிடிக்கலாம், ஒருவரோடும் கதைக்கத் தேவையில்லை. மௌலவி முழுவதையும் கேட்டார்.

"அந்த நேரம் மெய்யெண்டு நம்பித்தானே சொன்ன?"

"ஓம், நம்பித்தான்."

"அப்ப நோன்பு கடமையில்ல. அல்லாஹ் மன்னிக்கிறவன். ஆனா அந்த மனிசன்ட மானம் இரிக்கே, அது அவர்ர ஹக்கு, அவர்ர உரிமை. அவர்ட்டப் போய்த்தான் பொருத்தம் கேக்க வேணும். வேற வழி இல்ல."

பேசாமல் செய்யக்கூடிய எதுவும் எனக்கு மிஞ்சவில்லை.

பொருத்தம் கேட்பது எங்களுக்குள் ஒரு வழக்கம். மக்காவுக்குப் போகிறவர் போகும் முன் சொந்தக்காரர், அயலார், தொழிலில் பழகியவர் என்று வீடு வீடாகப் போவார். "ஏதும் பிழை செஞ்சிருந்தாப் பொருந்திக்கொள்ளுங்க" என்பார். "நான் பொருந்திட்டன், நீங்களும் பொருந்திக்கோங்க" என்பார்கள். அதைக் கேட்காமல் போகிறவரின் கால் பயணத்தில் பாரமாக இருக்கும் என்று நம்புகிறவர்கள் நாங்கள். ஆகவே காக்கா எப்படியும் என்னிடம் வரத்தான் வேண்டும். அதுதான் என்னைக் கொன்றது. அநியாயம் செய்தவன் நான். அநியாயம் செய்யப்பட்டவர் என் கட்டிலுக்கு முன்னால் வந்து நின்று, நாலு பேருக்கு முன்னால் என்னிடம் மன்னிப்புக் கேட்கப்போகிறார். அவர் கேட்கும் முன் நான் கேட்டுவிட வேண்டும்.

அவர் தெருவில் இறங்கியது யன்னலுக்குள் கேட்டது. அந்தத் தொண்டை மறைக்கக்கூடியதா? கிழக்கு வீட்டில் கேட்டார். எதிர் வீட்டில் கேட்டார். மூலைக் கடைக்காரரிடம் கேட்டு, அவர் அழுது, இவரும் அழுதது கேட்டது. பாலமுனைக்கும் அட்டாளைச்சேனைக்கும் போய் மீன்காரர்களிடம் கேட்டுவிட்டு வந்ததாக ராத்தா சொன்னாள். ஒவ்வொரு நாளும் நான் சேர்ட்டைப் போட்டுக்கொண்டு, சொல்ல வேண்டியதை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு இருந்தேன். தொலைபேசியில் எழுதவும் பார்த்தேன். 'காக்கா' என்று எழுதி அழித்தேன். இப்படியே இரண்டு கிழமை போயிற்று. எங்கள் வீட்டை மட்டும் அவர் தாண்டித் தாண்டிப் போனார்.

பயணத்துக்கு முதல் நாள் பின்னேரம், மனைவி துணி வாங்கக் கல்முனைக் கடைத்தெருவுக்குப் போன நேரம், நான் ஊன்றுகோல்களை எடுத்தேன். பின்கதவால் இறங்கினேன். மதில் கதவுக்கு முப்பது அடி இருக்கும். ஆனால் எங்கள் வளவு கடற்கரை மணல். சீமெந்துத் தரையில் நடக்கத்தான் ஆஸ்பத்திரியில் பழக்கியிருந்தார்கள். முதல் அடியிலேயே ஊன்றுகோல் ஒரு சாண் உள்ளே இறங்கியது. இழுத்து எடுத்து அடுத்ததை வைத்தால் அதுவும் இறங்கியது. நடுவில், ஒரு தென்னைக்கும் கிணற்றுக்கும் இடையில், முன்னுக்கும் போக முடியாமல் பின்னுக்கும் போக முடியாமல் நின்றேன். திரைக்குள் இருந்ததைவிட அது மோசமாக இருந்தது. பிறகு ஊன்றுகோல்களை எறிந்துவிட்டு உட்கார்ந்து, கட்டுப்போட்ட காலை முன்னுக்கு நீட்டி, கையை ஊன்றி, பின்பக்கத்தால் நகர்ந்து நகர்ந்து போனேன். கதவைத் தலையால் தள்ளினேன்.

அந்தப் பக்கம் காக்கா குந்தியிருந்தார். மடியில் சாக்கு, சாக்குக்கு மேல் ஐஸ் கட்டி, கையில் விறகுக் கட்டை. எனக்குரிய ஐஸை அவர்தான் உடைத்துக்கொண்டிருந்தார்.

என்னை மேலும் கீழும் பார்த்தார். சறம் முழுக்க மணல். "இப்ப யாரு அடிச்ச?" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. இரண்டு கிழமை சேர்த்து வைத்த பேச்சில் ஒரு சொல்லும் வரவில்லை. "நீங்க அடிக்கல்ல காக்கா," என்றேன். "டாக்டர் சொன்னாங்க. சதை தானாக் கிழிஞ்சதாம். வல்லாஹி நீங்க..."

"நிப்பாட்டு!" என்று கட்டையைக் காட்டினார். "மறுகாவும் சத்தியம் பண்ணாத. போனதே போதும்."

"பொருந்திக்கோங்க காக்கா."

அவர் ஐஸைப் பைக்குள் அள்ளிப் போட்டார். ஏலம் கூவுகிற அந்த ஆள் எனக்கே சரியாகக் கேட்காத குரலில் சொன்னார்: "உன்ட வலது கணுக்கால் எப்பிடி இரிக்கி?"

"வலதா? வலதுக்கு ஒண்டும் இல்லயே."

"முதல் பாதியில ஒண்டு விழுந்திச்சே. கறுத்திருக்குமே."

நான் அவரைப் பார்த்தேன்.

"அது நான்தான்டா. பந்தை எடுத்துக்கிட்டுப் போயிட்டாய் நீ. உன்னப் போல ஒருத்தன் என்னைத் தாண்டிப் போறதா எண்டு கோவம். தட்டிவிட்டன். வேணுமெண்டுதான்." முகத்தைத் துடைத்துக்கொண்டார். "மறுகா நீ விழுந்து கத்தினதும், இண்டைக்கு என்ட கால் படவேயில்ல எண்டு சத்தியம் பண்ணினன். நீ நம்பிச் சொன்னாய். நான் தெரிஞ்சே சொன்னன். ஊர் முழுக்கப் போய் பொருத்தம் கேட்டுட்டன். இந்தக் கதவத் தாண்ட மட்டும் ஏலாமக் கிடந்திச்சு."

"அதுக்கா ஐஸ்?"

"பின்ன? காசுக்கா தாறன்?"

இரண்டு பேரும் மணலில் இருந்தோம். அவர் முதலில் சொன்னார், "நான் பொருந்திட்டன்" என்று. நானும் சொன்னேன். தன்னுடைய சத்தியத்துக்கு மூன்று நோன்பு பிடித்து முடித்ததாகவும் சொன்னார். எனக்குக் கிடைக்காத நோன்பு. பிறகு என் கக்கத்துக்குள் கையைக் கொடுத்துத் தூக்கி, "பின்னால நிக்கிறது நான்தான், பாத்துக்கோ," என்று சொல்லிச் சொல்லி என்னைக் கட்டிலில் கொண்டுவந்து போட்டார். திரையை அவரே இழுத்து மூடினார்.

மறுநாள் விடிய வான் வந்தது. யன்னலுக்குள் அவர் தலையை நீட்டி சலாம் சொல்லிவிட்டுப் போனார். தெரு முழுக்க வழியனுப்ப நின்றது, நான் கம்பிக்குப் பின்னால் கிடந்தேன். எங்கள் இரண்டு பேருக்கும் முடிந்துவிட்டது. ஆனால் நாற்பது பேர் கேட்ட சத்தியம் நாற்பது வீட்டில் அப்படியே இருந்தது.

அன்று பத்து மணிக்கு அபாயாக்காரி வந்தாள். அதே குரல். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"போயிட்டாரு போல உங்கட மச்சான். மனிசன்ட காலை முறிச்சுப் போட்டு..."

திரையைப் பார்த்தேன். அதில் இருந்த பூக்களை இத்தனை நாளில் எத்தனையோ தரம் எண்ணியிருக்கிறேன். இன்னும் மூன்று கிழமை எண்ண வேண்டும். யாரென்று தெரியாத ஒரு பெண்ணோடு நான் அதுவரை கதைத்ததே இல்லை.

"அவர் அடிக்கல்ல," என்றேன்.

மெஷின் நின்றது.

"என்ட சதை தானாக் கிழிஞ்ச. நான் சொன்னது பிழை. உங்கட ஊட்டு மனிசன்ட்டயும் சொல்லுங்க."

அந்தப் பெண், "அல்லாஹ்வே, புள்ள! உள்ளுக்க ஆள் இரிக்கா?" என்றாள். "அப்ப இவ்வளவு நாளும் நாங்க கதைச்ச எல்லாம்...?"

"ஓம்," என்றாள் என் மனைவி. "எல்லாம் கேட்டுத்தான் இரிக்கார்."

செருப்பைத் தேடும் சத்தம் கேட்டது. நான் சொன்னது மத்தியானத்துக்குள் ஊர் முழுக்கப் போய்விடும் என்று எனக்குத் தெரியும். மெஷின் மறுபடி ஓடத் தொடங்கியது. மனைவி திரையை விலக்கவில்லை. அந்தப் பக்கம் இருந்து, "தேத்தண்ணி வேணுமா?" என்று மட்டும் கேட்டாள்.